பெரில் போட்ட கையெழுத்து

“உங்களுக்குத்தான் தெல்மா. இதைப் போய்க் கேக்கணுமா?”

மூன்று வாரமாகத் தெல்மா கார்பட்டின் காதில் விழுந்ததெல்லாம் இந்த ஒரே பேச்சுதான். மார்ஷம் வார்டில் அவள் தட்டாத கதவு கிடையாது. தட்டினால் முதலில் நாய் வரும், அப்புறம் ஆள் வரும், ஆள் வந்ததும் இந்தப் பேச்சு வரும். கதவைச் சாத்துகிற வேகத்தை வைத்தே யார் மனசாரச் சொல்கிறார்கள், யார் டீ ஆறிவிடுமே என்று சொல்கிறார்கள் என்று ஒரு காலத்தில் அவளுக்குத் தெரியும். இருபது வருஷக் கவுன்சிலர். கட்சி கிடையாது, சுயேச்சை. இது ஆறாவது தேர்தல். இந்தத் தடவைதான் ஒன்றும் பிடிபடவில்லை. கதவு சாத்தியதும் பக்கத்து ஜன்னலைப் பார்த்தால், அங்கே அவளை எதிர்த்து நிற்கிற ரூபர்ட் லாட்டிமர் போஸ்டரில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒட்டியிருப்பான்.

“அது என் மருமக ஒட்டினது தெல்மா. அதைப் பெரிசா எடுத்துக்காதீங்க” என்பார்கள்.

ரூபர்ட் லாட்டிமர் டவுனில் வீடும் நிலமும் விற்றுக் கொடுக்கிற ஆபீஸ் வைத்திருப்பவன். நாற்பது வயசு. நல்ல கோட்டு. ஹாம் வெளியில் தொண்ணூறு வீடு வரட்டும் என்கிற கட்சி. ஹாம் வெளி என்பது ஆற்றங்கரைப் புல்வெளி. குளிர்காலத்தில் ஆறு ஏறினால் தண்ணீர் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே இடமில்லை என்றால் அது வேறு எங்கே போய்ப் படுக்கும் என்பதைத்தான் தெல்மா இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம் மாவட்டக் கவுன்சிலில் அந்த வெளியை விற்கலாமா என்று கை தூக்கினார்கள். விற்கலாம் என்று பதினைந்து கை, கூடாது என்று பதினாறு. பதினாறாவது கை தெல்மாவுடையது. தேர்தல் முடிந்ததும் ஜூனில் மறுபடி கை தூக்குவார்கள். மற்ற வார்டுகளில் பெரிய மாற்றம் இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆக மார்ஷம் வார்டில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் கையில்தான் ஹாம் வெளி.

ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, கால் வலி பொறுக்காமல் தெல்மா பெரில் நட்டிங்கின் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். பெரில் அவளைவிட ஒன்பது வயசு மூத்தவள், எண்பது. முப்பது வருஷ சிநேகிதம். வியர் வரிசை என்று ஆற்றை ஒட்டிப் பதினொரு வீடு இருக்கிறது. அதில் கடைசி வீடு பெரிலுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளத்தின் கோடு இன்னும் அந்தச் சமையலறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்தது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் பழுப்பாக மேலே வந்துவிட்டது.

“ஷூவைக் கழட்டு” என்றாள் பெரில். “கால் ரெண்டும் ரொட்டி மாதிரி உப்பியிருக்கு.”

“கழட்டினா திரும்ப மாட்ட முடியாது. இன்னும் சர்ச் லேன் பாக்கி.”

“சர்ச் லேன் எங்கேயும் ஓடிப் போகாது. எல்லாரும் உனக்குத்தானே போடறாங்க?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஹிக்மன் சொன்னான். தபாலாபீஸ்காரி சொன்னா. அவங்க ரெண்டு பேர் ஜன்னல்லயும் அவன் மூஞ்சி.”

“நான் உனக்குத்தான் போடுவேன்.”

அங்கே தெல்மா வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருக்கலாம். ஆனால் மூன்று வாரமாகக் கதவுகளில் காட்டிய சிரிப்பெல்லாம் சேர்ந்து உள்ளே புளித்துப் போயிருந்தது. அது இங்கே, சிரிக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரே இடத்தில், வெளியே வந்துவிட்டது.

“நீயும் அதையே சொல்லு. சொல்றதுக்கு என்ன காசா பணமா? அந்தத் தட்டி மறைவுல போய்ப் பென்சிலைக் கையில எடுத்தப்புறம் யார் எங்க கீறுறாங்கன்னு எவருக்குத் தெரியும்?”

பெரில் கெண்டியைக் கீழே வைத்தாள்.

“நிஜமாவா சொல்றே?”

“பின்னே? லாட்டிமர் உன் தங்கச்சி வீட்டை நல்ல விலைக்கு வித்துக் கொடுத்தான். கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஜாடிச் செடி அனுப்பினான். நீதானே சொன்னே?”

“செடி செத்துப் போச்சு” என்றாள் பெரில்.

“நீ எனக்குத்தான் போடுவேன்னு நான் எப்படி நம்பறது? யாரை நம்பறது?”

பெரில் திரும்பிக்கொண்டாள். கேக் டப்பாவின் மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள். அப்புறம், “சர்ச் லேனுக்கு நேரமாச்சு, கிளம்பு” என்றாள். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை தெல்மாதான் அவளைக் காரில் கிராம மன்றத்துக்கு ஓட்டுப் போட அழைத்துப் போனாள். ஐந்து தேர்தலாக அது வழக்கம். ‘செவ்வாய்க்கிழமை வாய் தவறிச் சொல்லிட்டேன்’ என்று சொல்லலாம் என்று வழி முழுக்க நினைத்தாள். நினைத்துக்கொண்டே வண்டியை நிறுத்திவிட்டாள். வேட்பாளர் உள்ளே கூடவே போய் நிற்பது நன்றாக இருக்காது என்று வாசலில் காத்திருந்தாள். நாயோடு வந்தவர்கள் வாசல் கம்பியில் நாயைக் கட்டிவிட்டு உள்ளே போய், இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். பெரில் போய் எட்டு நிமிஷம் ஆயிற்று.

“என்ன, உள்ளே தூங்கிட்டியா?”

“கண்ணாடியை மறந்துட்டேன். பென்சில் வேற மொட்டை. கயித்துல கட்டி வெச்சிருக்காங்க, கை எட்டலே.” பெரில் காரில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முகம் மலர்ந்து சொன்னாள்: “போட்டாச்சு. இந்தத் தடவை உனக்குச் சந்தேகமே வராது பாரு.”

தெல்மா அதை ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டாள். கோபம் தீர்ந்தது என்று நிம்மதிப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டவுன் விளையாட்டு அரங்கத்தில் எண்ணிக்கை. தரையில் பாட்மிண்டன் கோடுகள், மேலே கூடைப்பந்து வளையம், அதற்குக் கீழே வார்டுக்கு ஒரு மேஜை. ரப்பர் பாய் வாசனையும் பன்றி வறுவல் வாசனையும் கலந்து வந்தன. வாசலிலேயே ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள்: எண்ணும் இடத்தில் யார் ஓட்டு யாருக்கு என்று எது கண்ணில் பட்டாலும் வெளியே போய்ச் சொல்ல மாட்டேன். தெல்மா இதோடு ஆறு தடவை போட்டாயிற்று. படிக்காமலே போட்டாள்.

அவளுடைய ஏஜென்ட் கிளைவ் பெல்லாமி, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், கையில் இரண்டு டீயோடு வந்தான். அவன் சட்டையிலும் அவள் சட்டையிலும் தேர்தல் அடையாளமாக ஒரே மாதிரி ரிப்பன் பூ. பழைய திரைச்சீலையில் தெல்மா தைத்தது.

“என்ன சொல்றாங்க?” என்று கேட்டாள் தெல்மா.

“மத்த வார்டெல்லாம் போன தடவை மாதிரியேதான். விக்கணும்கிற பக்கம் பதினஞ்சு, வேண்டாம்கிற பக்கம் பதினஞ்சு. நம்ம மேஜைதான் பாக்கி.”

“இங்கே?”

“கட்டைப் பாருங்க. இருபத்தஞ்சு இருபத்தஞ்சா கட்டி வைக்கிறாங்க. அவனுக்குப் பதினாறு கட்டு, நமக்குப் பதினாறு கட்டு. உதிரியை இப்பத்தான் எண்ணுறாங்க. இவ்வளவு நெருக்கத்துல நான் ரெட்டைமாடி பஸ்ஸைக் கூட ஓட்டினதில்லே.”

ரூபர்ட் லாட்டிமர் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று புன்னகை செய்தான். “காலை வணக்கம் மிஸஸ் கார்பட். தூங்கினீங்களா?”

“நல்லாத் தூங்கினேன். நீங்க?”

“எனக்கு எப்பவும் தூக்கம் வரும்.”

“தெரியுது” என்றான் கிளைவ், டீயைப் பார்த்துக்கொண்டே.

கொஞ்ச நேரத்தில் தேர்தல் அதிகாரி மிஸ் ஹார்க்னஸ் வந்து கூப்பிட்டாள். ஒல்லியான பெண்மணி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. சந்தேகச் சீட்டு ஆறு இருக்கிறது, இரண்டு தரப்பும் வந்து பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம், எதிர்ப்புச் சொல்லலாம், ஆனால் முடிவு அவளுடையது.

முதல் சீட்டு வெற்று. செல்லாது. இரண்டாவதில் இருவருக்கும் பெருக்கல் குறி. செல்லாது. மூன்றாவதில் குறுக்கே பெரிய எழுத்தில், ‘ரெண்டு பேருமே வேண்டாம், முதல்ல ரோட்டுக் குழியை அடைங்க.’

“நியாயமான ஆள்” என்றான் கிளைவ்.

“செல்லாது” என்றாள் மிஸ் ஹார்க்னஸ்.

நான்காவதில் பெருக்கல் குறிக்குப் பதிலாகத் தெல்மாவின் பெயருக்கு நேரே ஒரு ‘சரி’ குறி. வாத்தியார் போட்ட மாதிரி. “எண்ணம் தெளிவு. மிஸஸ் கார்பட்டுக்கு.”

ஐந்தாவது சீட்டை எடுத்ததும் மிஸ் ஹார்க்னஸின் கண்ணாடி மூக்கிலிருந்து கொஞ்சம் இறங்கியது. லாட்டிமரின் பெயருக்கு நேரே இருந்த கட்டத்துக்குள் யாரோ ஒரு படம் வரைந்திருந்தார்கள். பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவரில் பையன்கள் வரைகிற படம். மிகுந்த கவனத்தோடு, ரோமம் உட்பட.

“ஓவியர் உங்களை மனசுல வெச்சுத்தான் வரைஞ்சிருக்கார் லாட்டிமர்” என்றான் கிளைவ்.

லாட்டிமரின் கழுத்து சிவந்தது. ஆனால் பேசவில்லை. பேசாததன் காரணம் அடுத்த நிமிஷம் தெரிந்தது.

“கட்டத்துக்குள்ளேயே இருக்கு” என்றாள் மிஸ் ஹார்க்னஸ், சீட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து. “கோட்டைத் தாண்டலே. இன்னொரு கட்டத்துல எந்தக் குறியும் இல்லே. இவரைத்தான்னு எண்ணம் தெளிவா இருக்கு. மிஸ்டர் லாட்டிமருக்கு.”

“அவரைத் திட்டி வரைஞ்சிருக்காங்க அம்மா அது.”

“திட்டா, பாராட்டான்னு பார்க்கிறது என் வேலை இல்லே மிஸ்டர் பெல்லாமி. எந்தக் கட்டம்னு பார்க்கிறதுதான் என் வேலை.”

ஆறாவது சீட்டு.

பெயரைப் படிப்பதற்கு முன்னாலேயே தெல்மாவுக்கு அந்த எழுத்து தெரிந்துவிட்டது. முப்பது வருஷமாகப் பிறந்தநாள் அட்டையில், ஜாம் பாட்டில் மேல், கதவுக்கு அடியில் தள்ளிய துண்டுக் காகிதங்களில் பார்த்த எழுத்து. இடது பக்கம் சாய்ந்து, எழுத்துக்கு எழுத்து வால் வைத்து. தெல்மாவின் கட்டத்தில் பெருக்கல் குறி, அழுத்தமாக, இரண்டு தடவை மேலே மேலே போட்டது. அதற்குக் கீழே, மொட்டைப் பென்சிலில்:

‘தெல்மா, இது என் ஓட்டு. இப்போ நம்பு. பெரில் நட்டிங்.’

பக்கத்து மேஜையில் யாரோ ரப்பர் பேண்டை இழுத்து விடுகிற சத்தம் கேட்டது.

“குறி சுத்தமா இருக்கு” என்றான் கிளைவ். குரலில் கேலி போய்விட்டிருந்தது. “எந்தக் கட்டம்னுதானே பார்ப்பேன்னீங்க? இதைவிடத் தெளிவா எண்ணம் இருக்குமா?”

“எண்ணம் தெளிவுதான். ஆனா ஓட்டுப் போட்டவர் யார்னு தெரியுது. தெரிஞ்சா செல்லாது.”

“பெரில் நட்டிங்னு இந்த மாவட்டத்துல எத்தனை பேரோ.”

மிஸ் ஹார்க்னஸ் வாக்காளர் பட்டியலைப் புரட்டினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. “மார்ஷத்துல ஒருத்தர்தான்.”

“எண்பது வயசுக் கிழவி. பாசத்துல எழுதியிருக்கா.”

“மிஸ்டர் பெல்லாமி, எனக்கும் அம்மா இருக்காங்க.” அவள் லாட்டிமர் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?”

லாட்டிமர் கையைக் கட்டிக்கொண்டான். “நட்டிங் அம்மா மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே.”

“மிஸஸ் கார்பட்?”

இந்தச் சட்டம் தெல்மாவுக்கு மனப்பாடம். ஓட்டு யாருடையது என்று தெரிந்தால் நாளைக்கு எவனாவது காசு கொடுத்து, ‘கையெழுத்துப் போட்டுக் காட்டு’ என்பான். அதற்காகத்தான் இந்தச் சட்டம். சரியான சட்டம். இருபது வருஷம் அதை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவள், கேட்க வேண்டிய ஒருத்திக்குச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதுகூட இல்லை. எழுத வைத்ததே அவள்தான்.

“எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லே” என்றாள்.

சீட்டின் முதுகில் ‘தள்ளுபடி’ என்று முத்திரை விழுந்தது.

கூட்டிப் பார்த்தார்கள். லாட்டிமர் நானூற்றுப் பதினெட்டு. கார்பட் நானூற்றுப் பதினெட்டு.

மறுபடி எண்ணச் சொன்னான் கிளைவ். எண்ணினார்கள். இன்னொரு தடவை என்றான் லாட்டிமர். எண்ணினார்கள். படம் வரைந்த சீட்டு மூன்று தடவையும் லாட்டிமர் கட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. எண்ணுகிற பெண் அதைத் தொடும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்று தடவையும் அதே நானூற்றுப் பதினெட்டு.

“சமமா வந்தா குலுக்கல்” என்றாள் மிஸ் ஹார்க்னஸ். “யார் பேர் வருதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடுதல்.”

“என் தொப்பி தரட்டுமா?” என்றான் கிளைவ்.

“வேண்டாம்.”

ஒரே அளவில் இரண்டு துண்டுக் காகிதம் கிழித்து, இரண்டு பெயரும் எழுதி, எல்லோருக்கும் காட்டி, நான்காக மடித்து, காலி ஓட்டுப்பெட்டியில் போட்டுக் குலுக்கினாள். மற்ற மேஜைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். மாவட்டம் முழுவதும் ஒரு காகிதத் துண்டை எட்டிப் பார்த்தது. மிஸ் ஹார்க்னஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டாள்.

“லாட்டிமர், ரூபர்ட் ஜேம்ஸ்.”

கைதட்டல் எழுந்தது. அவன் கட்சிக்காரர்கள் தோளில் தட்டினார்கள். மேடை என்று ஒரு மரப்பெட்டி போட்டிருந்தார்கள். லாட்டிமர் ஏறி, எண்ணியவர்களுக்கும் காவல்துறைக்கும் மனைவிக்கும் நன்றி சொன்னான். மார்ஷம் மாற்றத்துக்குத் தயார் என்று காட்டிவிட்டது என்றான்.

“குலுக்கின பெட்டி காட்டிச்சு” என்றான் கிளைவ், அடிக்குரலில்.

தோற்றவரும் பேச வேண்டும். தெல்மா ஏறினாள். கோட்டுப் பையில் ஜெயித்தால் பேச ஒரு தாள் இருந்தது, தோற்றால் பேச இல்லை.

“எனக்கு ஓட்டுப் போட்ட நானூற்றுப் பத்தொன்...” என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். “நானூற்றுப் பதினெட்டு பேருக்கும் நன்றி” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். ஏதோ தடுமாற்றம் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் லாட்டிமர் பின்னாலேயே வந்து கை நீட்டினான். அவள் கொடுத்தாள். கொடுக்காமல் போனால் அதைத்தான் ஊர் பேசும்.

“நல்லாப் போட்டி போட்டீங்க மிஸஸ் கார்பட். இனிமேலாவது ஓய்வா இருங்க. தோட்டம், கீட்டம்.”

“ஜூன்ல கை தூக்குவீங்க.”

“தூக்குவேன். மறைக்கலியே. ஜனங்களுக்கு வீடு வேணும்.”

“தண்ணிக்கும் வீடு வேணும். அது எங்க போகும்?”

“குழாய் போடுவாங்க. இப்பல்லாம் அதுக்கு இன்ஜினீயருங்க இருக்காங்க.” கொஞ்சம் குனிந்து, ஏதோ இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த நகைச்சுவை மாதிரிச் சொன்னான்: “நியாயமாப் பார்த்தா நான் நட்டிங் அம்மாவுக்குத்தான் பூங்கொத்து அனுப்பணும்.”

“அனுப்புங்க. ஆனா உங்க பேரைப் போட்டு அனுப்பாதீங்க. இந்த ஊர்ல பேர் போட்டதெல்லாம் தள்ளுபடி.”

அவன் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அது போதவில்லை தெல்மாவுக்கு. எதுவும் போதுமாக இல்லை.

“வீட்டுக்குப் போங்க” என்றான் கிளைவ். “பெரில் வீட்டுக்கு இன்னிக்குப் போகாதீங்க.”

“அவ கேக் செஞ்சு வெச்சிருப்பா.”

“போனா சொல்லிடுவீங்க.”

“சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கேன்ல?”

ஆனால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகையில் அவள் மனசு முழுக்கச் சொல்லித் தீர்க்கிற வார்த்தைகள்தான் ஓடின. ‘உன்னை யார் எழுதச் சொன்னது? எண்பது வயசாச்சு, அறுபது வருஷமா ஓட்டுப் போடறே, இதுகூடத் தெரியாதா? ஒரு பெருக்கல் குறி. அதோட நிறுத்தத் தெரியலியா?’ வேலியெல்லாம் வெள்ளைப் பூ பூத்துக் கிடந்தது. ஹாம் வெளியைத் தாண்டும்போது மாடுகள் வயிறு உரசும் புல்லில் நின்றன. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பெரில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பழைய மணல் மூட்டை இரண்டு இன்னும் நிலையோரம் கிடந்தது. அதில் ஒன்றின் மேல் பூனை.

“முகத்தைப் பார்த்தா தெரியுது” என்றாள். “வா, உட்காரு. எத்தனையில போச்சு?”

“சமம். நானூற்றுப் பதினெட்டுக்கு நானூற்றுப் பதினெட்டு. பெட்டியில பேரைப் போட்டுக் குலுக்கினாங்க. அவன் பேர் வந்தது.”

“குலுக்கினாங்களா? சர்ச் சந்தையில ஒயின் பாட்டிலுக்குக் குலுக்குற மாதிரியா?”

“அதே மாதிரி.”

பெரில் கெண்டியை அடுப்பில் வைத்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் துக்கத்தோடு இன்னொன்றும் இருந்தது. பெருமை.

“அப்போ ஒண்ணு யோசிச்சுப் பாரு. என் ஓட்டு மட்டும் இல்லேன்னா நீ நேராவே ஒண்ணுல தோத்திருப்பே. குலுக்கல் வரைக்கும் உன்னைக் கொண்டுவந்து நிறுத்தினது நான்தான்.”

வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றைக்கூடத் தெல்மா எடுக்கவில்லை.

“ஆமா” என்றாள்.

“என் சீட்டைப் பார்த்தியா? பார்த்திருப்பே. சும்மா மூஞ்சியை மறைக்காதே.”

“பார்த்தேன்.”

“இப்போ நம்பறியா?”

“நம்பறேன் பெரில்.”

“செவ்வாய்க்கிழமை நீ சொன்னதுல எனக்குச் சாப்பாடே இறங்கலே, தெரியுமா? முப்பது வருஷத்துக்கப்புறம் ஜாடிச் செடிக்கு நான் உன்னை வித்துட்டேன்னு நினைச்சுட்டியேன்னு. என்ன பண்ணினா நீ நம்புவேன்னு ரெண்டு ராத்திரி யோசிச்சேன். அப்புறம்தான் தோணிச்சு, எழுதியே கொடுத்துட்டா என்னன்னு.” பெரில் கேக்கை வெட்டித் தட்டில் வைத்தாள். அவள் பேச்சு சூடு பிடித்துவிட்டது. “அடுத்த தடவை நிப்பேல்ல? இந்த வரிசை பதினொரு வீட்டுக்கும் சொல்லி வைக்கிறேன். எல்லாரும் பேரை எழுதிப் போடட்டும். வாயில ஒண்ணு, பென்சில்ல ஒண்ணுன்னு இருக்கிறவங்க யாருன்னு தெரிஞ்சு போயிடும்.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“வேண்டாம் பெரில். ஒருத்தரும் ஒண்ணும் எழுத வேண்டாம்.”

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

தெல்மா தட்டிலிருந்த கேக்கைத் துண்டு துண்டாக்கினாள். பெரில் எதிரே உட்கார்ந்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சின்ன எழுத்தைப் படிக்கிற மாதிரி சிநேகிதியின் முகத்தைப் படித்தாள்.

“தெல்மா. என் சீட்டை எண்ணினாங்கதானே?”

கெண்டி சீறத் தொடங்கியது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

“அங்கே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது” என்றாள் தெல்மா. “கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்.”

“என் ஓட்டு எனக்கே வெளியேயா?”

தெல்மா கேக் துணுக்குகளைத் தட்டின் ஓரம் ஒதுக்கினாள். அதற்குமேல் பெரிலுக்குப் பதில் தேவைப்படவில்லை. அவள் விரல்களை மேஜை மேல் வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி, ஏதோ எண்ணினாள். நானூற்றுப் பதினெட்டு. அதோடு ஒன்று. விரல் நின்றது.

“ஜெயிச்சிருப்பே” என்றாள்.

“பெரில்...”

“குலுக்கலே வந்திருக்காது.”

“நான்தான் உன்னை அப்படிச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா...”

“ஆமா. நீதான் சொன்னே.” பெரில் அதை மறுக்கவில்லை. மறுப்பாள் என்று தெல்மா தனக்கே தெரியாமல் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. “நீ கையெழுத்துப் போட்டா அது செல்லும். நான் போட்டா செல்லாது. அப்படித்தானே?”

எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். டீ போடவில்லை. சுவரோரம் இருந்த அலமாரியின் முன்னால் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, தரையை ஒட்டிய இழுப்பறையைத் திறந்தாள். வெள்ளத்துக்கப்புறம் இரண்டு வருஷம் அதில் அவள் எதையும் வைக்கவில்லை. போன வருஷம் கவுன்சிலில் பதினாறு கை என்று தெல்மா வந்து சொன்ன அன்றைக்குத்தான் மறுபடி போட்டோ ஆல்பங்களைக் கீழே கொண்டுவந்து வைத்தாள். இப்போது அதில் மூன்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

“இப்பவேவா?” என்றாள் தெல்மா. “மே மாசம் பெரில். இன்னும் வீடுகூடக் கட்டலே.”

“என்னால ஒரு நடைக்கு மூணுதான் தூக்க முடியும்” என்றாள் பெரில், திரும்பிப் பார்க்காமல். “இப்ப ஆரம்பிச்சாதான் குளிர்காலத்துக்குள்ள முடியும்.”

தெல்மா எழுந்து இழுப்பறையிலிருந்து இன்னும் மூன்றை எடுத்தாள். உப்பிய காலோடு, அந்தக் குறுகலான படியில், அவள் பின்னாலேயே ஏறினாள். மேலே போனபிறகு பெரில், “அங்கே இல்லே, ஜன்னல் பக்கம் வை” என்று மட்டும் சொன்னாள்.